பெரியப்பா அனுப்பிய கணினி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, என் தங்கையின் மகள் கணினியொன்றைத் துவாயிற் சுற்றி அணைத்துக்கொண்டு எம் வீட்டிற்கு வந்தாள். பல்கலைக்கழகத்திலே புவியியல் பயிலும் இறுதியாண்டு மாணவி அவள். கணினியோ, ரொறன்ரோவில் வாழும் அவளுடைய பெரியப்பா தாம் பல வருடம் உபயோகித்தபின் அன்போடு அனுப்பிவைத்தது. அப்பிள் நிறுவனத்தாரின் மக்புக் புரோ, 2012ஆம் ஆண்டு மாதிரி, பதின்மூன்று அங்குலத் திரை. மேலுறையின் அலுமினியம் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.

"மாமா, பொத்தானை அமத்திப்போட்டுப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் இது எழும்பியிராது" என்றாள்.

விஷயம் இதுதான். அவள் ஆய்வுக்கு வேண்டிய வரைபட மென்பொருள் விண்டோஸில் மாத்திரமே இயங்கும். அதனாற் பெரியப்பா அனுப்புமுன்னரே வன்தட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் அப்பிளின் சொந்த முறைமையையும், மறுபகுதியில் விண்டோஸையும் வைத்துத் தந்திருந்தார். அப்பிள் பகுதி வயதுக்கேற்ற வேகத்தோடு நடந்தது. விண்டோஸ் பகுதியோ மாரிகாலத்துச் சேற்றில் இறங்கிய வண்டிபோல நின்றுவிட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு வாரமே இருந்தது. கடைக்காரர் ஒருவர், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும்படி ஆலோசனை கூறினாராம். சகமாணவன் ஒருவன், கணினியைத் துப்புரவு செய்யும் மென்பொருளென்று ஏதோவொன்றைத் தந்திருந்தான். அதை அவள் இன்னும் ஓடவிடவில்லை என்று கேட்டபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆய்வேட்டின் பிரதி வேறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ளதான் மாமா."

வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இவ்விடத்தில் என் சொந்தக் கதையொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. சில வருடங்களுக்கு முன் என்னிடமிருந்த வேறொரு கணினி இவ்வாறே மந்தமாயிற்று. சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்கு செய்தால் வேகம் வருமென்று எங்கோ படித்திருந்தேன். அந்த ஒழுங்குபடுத்தும் வேலையை இரண்டு இரவு தொடர்ந்து நடத்தினேன். மூன்றாம் நாட் காலை உள்ளேயிருந்து பல்லிச் சத்தம்போல் 'டிக், டிக்' என்றொரு ஒலி எழுந்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது. காலஞ்சென்ற என் தாயார் தமது சிறுபராயக் கதைகளைச் சொல்லச் சொல்ல நான் பதிந்து வைத்திருந்த ஒலிப்பதிவுகள் அதிலேதான் இருந்தன. வேறெங்கும் இருக்கவில்லை. யாரையும் நோவதற்கில்லை, பிழை என்னுடையது. ஒழுங்குபடுத்தும் வேலையென்பது தட்டின் மீதுள்ள கோப்புகளைக் கிளப்பி வேறிடத்தில் எழுதுவது. களைத்துப்போன தட்டுக்கு அது மலையேற்றம். மந்தமென்று நான் நினைத்தது உண்மையில் அந்தத் தட்டின் மரணப்படுக்கை.

ஆகவே அன்றிரவு நாம் வேகத்தைப் பற்றிப் பேசவேயில்லை. பிரதியெடுத்தோம். கணினியை இயக்கும்போதே 'ஒப்ஷன்' என்னும் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் எந்தப் பகுதியினால் தொடங்குவதென்று அது கேட்கும். அப்பிள் பகுதியைத் தெரிந்தோம். அப்பிள் முறைமை விண்டோஸ் பகுதியிலுள்ளவற்றை வாசிக்கும், ஆனால் அதில் எழுதாது. நோயாளியைத் தொடாமற் பார்க்கும் வைத்தியர்போல, இந்த வேளைக்கு அதுவே உகந்தது. வெளியே தொடுத்த வன்தட்டை எக்ஸ்பற் என்னும் அமைப்பில் வைத்திருந்தபடியால் இரு முறைமைகளும் அதனை வாசிக்கவும் எழுதவும் கூடியதாயிருந்தது. நள்ளிரவு தாண்டியும் பிரதி ஓடிற்று. மூன்று கோப்புகள் வர மறுத்தன. மறுமுறை முயன்றபோது இரண்டு வந்தன. மூன்றாவது வரவேயில்லை, நல்லவேளையாக அது அவள் கைவிட்டிருந்த பழைய வரைபடம். ஆய்வேடு முழுதாக வந்து சேர்ந்தபின்னரே அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுநாட் காலை நோயை ஆராய்ந்தோம். இத்தகைய கணினி வைத்திருப்போர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இரண்டு பகுதிகளும் மந்தமா, விண்டோஸ் மாத்திரம் மந்தமா? இரண்டும் மந்தமாயின் வன்தட்டையோ அதைத் தொடுக்கும் நாடாவையோ சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் மாத்திரமாயின் அது தட்டின் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வழியாகத் தட்டோடு பேசுகிறது என்று பார்க்க வேண்டும். எமது நோயாளிக்கு இரண்டு வகையும் சிறிது சிறிது இருந்தது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். வன்தட்டு என்பது சுழலும் வட்டு. இந்த மாதிரியில் அது நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. கோயில் வெளிவீதியிலும் உள்வீதியிலும் இருவர் ஒரே நேரத்திற் புறப்பட்டு ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவீதிக்காரர் கூடிய தூரம் நடந்திருப்பார் அல்லவா? வட்டின் வெளி விளிம்பிலும் அவ்வாறே. ஒரு சுற்றில் அங்கே கூடுதலான தகவல் ஊசியின் கீழ் ஓடும். உள் விளிம்பில் ஏறத்தாழ அதன் பாதியளவே ஓடும். கணினி தட்டின் இடங்களை வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டு போகிறது. பூட் காம்ப் என்னும் அப்பிளின் உபகரணம் அப்பிள் பகுதியைச் சுருக்கி, எஞ்சிய வாற்பகுதியை விண்டோஸுக்குக் கொடுக்கிறது. எனவே விண்டோஸ் குடியிருப்பது எப்பொழுதும் உள்வீதியிலேதான். பெரியப்பா வேறு, சிக்கனமாக 64 கிகாபைற்று மட்டுமே அதற்கு ஒதுக்கியிருந்தார். பூட் காம்ப் கேட்கும் ஆகக் குறைந்த அளவு அது. வரைபடங்கள் வந்து நிறைந்ததும் மூச்சு விடுவதற்கு இடமில்லை. விண்டோஸ் தன் புதுப்பித்தல்களைக் கூட வைத்துக்கொள்ள வழியின்றித் திண்டாடிற்று.

அடுத்தது, பேசும் வழி. இதற்குச் சிறிது சரித்திரம் வேண்டும். அப்பிள் நிறுவனம் இன்டெல் செயலிகளோடு கூடிய முதற் கணினிகளை 2006 ஜனவரியில் வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, அவற்றில் விண்டோஸை இயக்க உதவும் பூட் காம்ப் பரீட்சார்த்தமாக வந்தது. 2007 ஒக்டோபரில் லெப்பேட் என்னும் முறைமையோடு நிரந்தரமாயிற்று. ஆனால் அக்காலத்து விண்டோஸ், பயோஸ் என்னும் பழைய வழக்கப்படி எழுப்பினாலே எழும்பும். அப்பிள் கணினிகளோ ஈ. எப். ஐ. என்னும் புதிய வழக்கில் எழும்புபவை. ஆகவே விண்டோஸுக்காகப் பழைய பயோஸ் வேடமொன்றைப் பூண்டு காட்டவேண்டியதாயிற்று. அந்த வேடத்தில், பல மாதிரிகளிலே, வன்தட்டின் கட்டுப்படுத்தியும் ஐ. டி. ஈ. என்னும் பழைய முறையிலேயே இயங்கும். புதிய முறையான ஏ. எச். சி. ஐ. கிடைப்பதில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கச்சேரியில் வேலை செய்தவர்கள் உடனே விளங்கிக்கொள்வர். பதிவறையிலிருந்து கோப்பு எடுத்துவரும் பியோனிடம் ஒரு கோப்பின் இலக்கத்தைச் சொல்லி, அவர் அதைக் கொண்டுவந்து தந்தபின்னர் அடுத்த இலக்கத்தைச் சொல்வது பழைய முறை. முப்பத்திரண்டு இலக்கங்கள்வரை ஒரே கடதாசியில் எழுதிக் கொடுத்து, எந்த இறாக்கை அருகிலிருக்கிறதோ அதிலிருந்து தொடங்கி அவர் வசதிப்படி எடுத்துவர விடுவது புதிய முறை. 5400 சுற்றுத் தட்டொன்றில் ஊசி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய், வேண்டிய தகவல் சுழன்று வரும்வரை காத்திருப்பதற்குச் சராசரி பதினைந்து முதல் இருபது மில்லிச்செக்கன் செல்லும். செக்கனுக்கு ஐம்பது, அறுபது தடவைக்கு மேல் அதனால் ஓட இயலாது. விண்டோஸோ எழும்பும்போதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கும். கணக்குப் பார்த்தால், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் எழும்பாததில் வியப்பில்லை.

எந்த முறையில் இயங்குகிறதென்று அறிவது எளிது. விண்டோஸில் 'டிவைஸ் மனேஜர்' என்னும் பக்கத்தைத் திறந்து, கட்டுப்படுத்திகளின் பெயர்களைப் பாருங்கள். 'ஏ. எச். சி. ஐ.' என்ற எழுத்துகள் இருந்தால் நன்று, 'ஏ. ரி. ஏ. சனல்' என்று வரிசையாக இருந்தாற் பழைய முறை. 'சிஸ்டம் இன்போமேஷன்' பக்கத்தில் 'பயோஸ் மோட்' என்ற வரிக்கு எதிரே 'லெகசி' என்றிருந்தால் அது வேடம் பூண்ட கணினி, 'யூ. ஈ. எப். ஐ.' என்றிருந்தால் வேடமில்லை.

பழைய முறையைப் புதிய முறையாக மாற்ற ஒரு குறுக்கு வழியும் உண்டு. தட்டின் முதலாவது ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைற்றுக்குள் இருக்கும் எழுப்புக் குறிப்பை அழித்து, கட்டுப்படுத்தியை மாற்றிவிடும் வேறொரு குறிப்பை அங்கே எழுதி, விண்டோஸின் பதிவேட்டையும் அதற்கேற்பத் திருத்துவது அது. கைதேர்ந்தவர்கள் செய்து பயனடைந்ததுண்டு. நான் செய்யவில்லை, மாணவர்களுக்குச் சொல்லவும் மாட்டேன். ஓரெழுத்துப் பிசகினாலும் இரண்டு முறைமைகளும் எழும்பாமற் போகக்கூடும். விண்டோஸை ஈ. எப். ஐ. வழியாகவே நிறுவிவிடலாம் என்பாருமுளர். 2013ஆம் ஆண்டளவிலும் அதன் பின்னரும் வந்த மாதிரிகளுக்கு அது சரியான வழி. அதற்கு முந்தியவற்றில் தட்டு வேகமடைந்து, ஒலி இயங்காமற் போன கதைகள் உண்டு.

மூன்றாவதாகத் தட்டின் தேகநிலையைப் பார்த்தோம். ஒவ்வொரு வன்தட்டும் தன் நாடித்துடிப்பைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அக்குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். அப்பிள் பகுதியிலுள்ள 'டிஸ்க் யூற்றிலிற்றி' நல்லது, கெட்டது என்று மொட்டையாக மட்டும் சொல்லும். விண்டோஸில் 'கிறிஸ்டல்டிஸ்க்இன்போ' என்னும் இலவச மென்பொருள் விபரமாகக் காட்டும். பழுதடைந்து மாற்றப்பட்ட இடங்கள் எத்தனை, வாசிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் இடங்கள் எத்தனை என்ற இரண்டு வரிகளே முக்கியம். இரண்டும் பூச்சியமாக இருத்தல் வேண்டும். எமது தட்டில் இரண்டும் பூச்சியமாக இருக்கவில்லை. வர மறுத்த அந்தக் கோப்பின் மர்மம் அப்போது விளங்கிற்று. வாசிக்க முடியாத இடத்தை வாசிக்கத் தட்டு திரும்பத் திரும்ப முயலும். அவ்வளவு நேரமும் கணினி முழுவதும் வாய் பிளந்து காத்திருக்கும். மந்தத்தின் ஒரு பங்கு அதுவே. இந்நிலையில் சகமாணவன் தந்த துப்புரவு மென்பொருளை ஓடவிட்டிருந்தால் என்ன நடந்திருக்குமென்று என் மருமகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல்நாள் இரவு என் தாயாரின் கதையைக் கேட்டிருந்தாள்.

சிலர், தட்டு நல்ல சுகமாயிருந்தும் 'ராஸ்க் மனேஜர்' பக்கத்தில் அதன் உழைப்பு நூறு வீதமென்று சிவந்து நிற்கக் கண்டு கலங்குவர். புதுப்பித்தல், கோப்புகளுக்கு அட்டவணை போடுதல், நச்சுநிரற் சோதனை ஆகியவை பின்னாலே நடப்பதன் விளைவு அது. வாரத்துக்கு ஒருமுறை விண்டோஸைத் திறப்பவர்களுக்கு ஒரு வாரத்து வேலையும் ஒன்றாய்ச் சேர்ந்துகொள்ளும். மின்னிணைப்போடு ஒரு மணித்தியாலம் சும்மா விட்டுவிடுங்கள், அடங்கிவிடும். சோதனையை நிறுத்திவிடுங்கள் என்று சொல்பவரின் பேச்சைக் கேளாதீர்கள். நினைவகம் 4 கிகாபைற்று மட்டுமாயின், இடம் போதாமல் விண்டோஸ் தட்டையே நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கும். மந்தமான தட்டுக்கு அது மேலும் ஒரு சுமை. 2012ஆம் ஆண்டின் இந்த மாதிரியில் 8 கிகாபைற்றுப் போடலாம், கழற்றிப் பூட்டும் வேலையும் சிறிது.

மருந்து என்ன? சுழலும் தட்டைக் கழற்றிவிட்டு, கடைக்காரர் எஸ். எஸ். டி. என்று சொல்லும் திண்மநிலைச் சேமிப்பகத்தை அவ்விடத்தில் வைப்பதே. அதில் வெளிவீதியுமில்லை, உள்வீதியுமில்லை, சுழல்வதற்கு ஒன்றுமில்லை. வேண்டிய இடத்தைத் தொட அதற்கு ஒரு மில்லிச்செக்கனில் ஒரு சிறு பங்கே போதும். கட்டுப்படுத்தி பழைய முறையில் ஒவ்வொன்றாகக் கேட்டாலும், ஓடிவருபவர் அத்தனை விரைவாயிருப்பதால் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. புதுக் கணினியொன்றின் விலையோடு ஒப்பிட்டால் இதன் செலவு சிறு பங்கே.

ஞாயிறு பிற்பகல் அதைச் செய்தோம். அடிப்புறத்திற் பத்துத் திருகாணிகள். அவற்றுள் மூன்று நீளமானவை. எது எங்கிருந்து வந்ததென்று கடதாசியிற் படம் வரைந்து அதன்மீதே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் நீளமானது கட்டையானதன் துளைக்குள் இறங்கி வம்பு செய்யும். பற்றரியின் தொடுப்பை முதலிற் கழற்ற வேண்டும். தட்டின் பக்கங்களிலுள்ள நான்கு நட்சத்திரத் தலைத் திருகாணிகளைப் புதியதற்கு மாற்ற வேண்டும். இன்னொன்று: இந்தப் பதின்மூன்று அங்குல மாதிரியில் தட்டைத் தொடுக்கும் மெல்லிய நாடா காலப்போக்கிற் பழுதடைவதற்குப் பெயர்போனது. புதிய எஸ். எஸ். டி. போட்டும் மந்தம் தீரவில்லையென்று கடையைக் குறைகூறுவோரிற் பலர் அந்த நாடாவை மாற்றாதவர்கள். இரண்டையும் ஒருங்கே மாற்றிவிடுவது உத்தமம்.

பழைய தட்டிலிருந்து விண்டோஸை அப்படியே பெயர்த்து நடவும் மென்பொருள்கள் உண்டு. நோயுற்ற தட்டிலிருந்து பெயர்ப்பது பழுதையும் சேர்த்துப் பெயர்ப்பதாகலாம் என்று புதிதாகவே நிறுவினோம். இம்முறை விண்டோஸுக்கு 200 கிகாபைற்று ஒதுக்கினோம். அப்பிள் தரும் விண்டோஸ் துணை மென்பொருளை மறவாது நிறுவினோம். அதை விட்டால் விசைப்பலகையும் கம்பியில்லா இணைப்பும் முழுமையாக வேலை செய்யா. மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மருமகள் பொத்தானை அழுத்தினாள். என் மனைவி தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். தண்ணீர் கொதிக்குமுன் வரைபடம் திரையில் விரிந்தது.

ஆனால் இது நெடுநாள் வாழ்வல்ல என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை. பூட் காம்ப் ஏற்கும் கடைசி விண்டோஸ் பத்தாவது பதிப்பு. அதற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிவுற்றது. பதினோராவது பதிப்பு இந்த மாதிரியை முறைப்படி ஏற்பதில்லை. ஆய்வேட்டை முடிக்க இது போதும். வங்கிக் கணக்கு முதலிய காரியங்களை இந்த விண்டோஸில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன்.

வேறு மாதிரி வைத்திருப்போருக்கு இரண்டு வார்த்தை. பியூஷன் டிரைவ் உள்ள ஐமக் கணினிகள் 2012இன் பிற்பகுதியிலிருந்து வந்தன. விரைவான சிறு சேமிப்பகமும் சுழலும் பெரிய தட்டும் ஒன்றாய் நடிக்கும் ஏற்பாடு அது. அதில் விண்டோஸ் சுழலும் தட்டில் மட்டுமே குடியேறும். விரைவான பகுதியின் பலன் அப்பிள் முறைமைக்கே. எனவே அங்கே அப்பிள் பறக்க, விண்டோஸ் தவழ்வதைக் கண்டு நச்சுநிரல் என்று அஞ்ச வேண்டாம். அவற்றின் திரை பசையினால் ஒட்டப்பட்டிருப்பதால் வீட்டு மேசையில் திறக்கவும் வேண்டாம். 2020 நவம்பரில் வரத் தொடங்கிய அப்பிளின் சொந்தச் செயலிக் கணினிகளிற் பூட் காம்ப் அறவே இல்லை. அவற்றில் விண்டோஸ் ஒரு மென்பொருளுக்குள் விருந்தாளியாகவே ஓடும்; அங்கே மந்தம் கண்டால் முதலில் விருந்தாளிக்கு எவ்வளவு நினைவகம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.

பழைய வன்தட்டை மருமகள் எறிந்துவிடப் போனாள். நான் தடுத்தேன். அன்றிரவு நாம் விண்டோஸ் பகுதியை மட்டுமே பிரதியெடுத்திருந்தோம். அடுத்த வாரம் அதை ஓர் உறையிலிட்டு வெளியிலிருந்து தொடுத்து, வெளிவீதியிலிருந்த அப்பிள் பகுதியைத் திறந்து பார்த்தோம். பெரியப்பா அழிக்க மறந்த கோப்புறையொன்றில் அவருடைய குடும்பப் புகைப்படங்கள், ஏறத்தாழப் பத்து வருடத்தவை, அப்படியே கிடந்தன. தட்டு தன் கடைசி மூச்சில் இருந்ததோ என்னவோ, மூன்று இரவு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். அவற்றை அவருக்கு அனுப்பிய மறுநாள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது.

"சின்னவன்ர முதற் பிறந்தநாள் படமும் இதுக்க கிடக்குது பிள்ளை. அதெல்லாம் துலைஞ்சு போச்செண்டல்லோ நாங்கள் இருந்தனாங்கள்."